பச்சை மாறாத பீன்ஸ்

ஆர்லிஸ் பயந்த சுபாவம். அதை அவள் மறைத்ததும் இல்லை, மறைக்க முடிந்ததும் இல்லை. மேற்கே வானம் லேசாகக் கறுத்தாலே டார்ச்சைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குள் இறங்கிவிடுவாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொல்வாள். கணவன் ஹார்லன் சோளக் குதிருக்கு மேலே ஏறுகிற நாளில் சமையலறை ஜன்னலை விட்டு நகரமாட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் பன்றிக்குப் பயந்து தொழுவத்துப் பக்கமே போகமாட்டாள். அயோவாவில், அதுவும் பன்றி வளர்க்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டுவிட்டு இது என்ன கூத்து என்று ஊரே சிரித்தது.

முதலில் சிரித்தவள் நாத்தனார் வெர்லா. ஹார்லனின் அக்கா. பக்கத்துச் சாலைத் திருப்பத்தில் தனியாக இருக்கிறாள், புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. ஆம்பிளை உயரம், ஆம்பிளைக் குரல். வேலி தாண்டி ஓடிய கடாப் பன்றியைக் காதைப் பிடித்து இழுத்துவந்தவள். அப்படிப்பட்டவளுக்குத் தம்பி பெண்டாட்டி ஒருத்தி இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போகிறவளாக வாய்த்தால் சும்மா இருப்பாளா? நாற்பது வருஷமாகக் கேலிதான்.

ஆனால் ஆர்லிஸுக்கு ஒரே ஒரு விஷயத்தில் பயம் கிடையாது. கோடைக் காய்கறியைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துக் குளிர்காலத்துக்கு வைக்கிற வேலை. அந்தப் பெரிய பிரஷர் குக்கர் ஆவி விட்டுச் சீறும்போது மற்றப் பெண்கள் விலகி நிற்பார்கள், இவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பின்னல் போடுவாள். ஊரில் யார் செத்தாலும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் துக்கச் சாப்பாடு போடுவார்கள். அந்தச் சமையலுக்கு ஆர்லிஸ்தான் தலைமை. அங்கே அவளை யாரும் கேலி செய்ததில்லை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தடவை பரிமாறச் சொல்லித் தட்டை நீட்டுவார்கள்.

மாநிலக் கண்காட்சியில் மட்டும் வெர்லாதான் ராணி. ஆகஸ்டில் நடக்கிற அந்தக் கண்காட்சிக்கு இருவரும் ஆளுக்கொரு ஜாடி பீன்ஸ் அனுப்புவார்கள். வெர்லாவுக்கு நீல ரிப்பன், முதல் பரிசு. ஆர்லிஸுக்குச் சிவப்பு, அல்லது வெள்ளை, அல்லது ஒன்றுமில்லை. வருஷா வருஷம் இதே கதை. இத்தனைக்கும் ஜாடியை யாரும் திறப்பதில்லை, ருசி பார்ப்பதில்லை. கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி. காய் ஒரே உயரத்தில் நிற்கிறதா, தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, நிறம் எப்படி. ஆர்லிஸின் பீன்ஸ் முழு நேரம் வெந்து பழைய சாக்கு நிறத்துக்கு வந்துவிடும். வெர்லாவுடையதும் அப்படித்தான் வரும், ஆனால் கொஞ்சம் குறைவாக. எப்படி என்று கேட்டால், "கைராசிடி" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புதான் ஆர்லிஸை அரித்துக்கொண்டே இருந்தது.

அதனால்தான் அந்த ஜூலையில் அப்படிச் செய்தாள். குக்கரில் ஜாடிகளை அடுக்கினாள், ஆவி ஏறியது, பாதி நேரம் போனதும் அடுப்பை அணைத்துவிட்டாள். தெரியாமல் செய்ததல்ல. நன்றாகத் தெரிந்துதான் செய்தாள். பீன்ஸை முழு நேரம் வேகவைக்காமல் அடைத்தால் உள்ளே என்ன வளரும் என்று அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆர்லிஸ் சின்னப் பெண்ணாக இருந்தபோது பக்கத்துப் பண்ணையில் ஒரு தாயும் மகளும் அப்படித்தான் போனார்கள். அந்த விஷத்துக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. சாப்பிட்ட மறுநாள் வாய் வறளும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். இமை கீழே இறங்கும். விழுங்க முடியாது. அதற்குப் பிறகு மூச்சு. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினால் மருந்து உண்டு, தாமதித்தால் மருந்து இருந்தும் பிரயோஜனமில்லை.

ஒரு ஜாடியைத்தானே அனுப்பப்போகிறோம், அதை யார் திறக்கப்போகிறார்கள் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். மிச்சத்தைக் கொட்டிவிடுவதாகத்தான் இருந்தாள். ஆனால் அவ்வளவு அழகான பச்சையைக் கொட்ட அவளுக்குக் கை வரவில்லை. நிலவறையில் அடித்தட்டில் வைத்து, மேலே ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினாள். ஹார்லன் பிறந்ததிலிருந்து பீன்ஸ் தொடாதவன், அவனைப் பற்றிக் கவலையில்லை. கண்காட்சி முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

கண்காட்சிக்கு வெர்லாவின் வண்டியில் போனார்கள். ஹார்லன் பன்றிகளோடு வீட்டில் இருந்துவிட்டான். வழியெல்லாம் ஆர்லிஸ் கதவுக் கைப்பிடியை விடவில்லை.

"அது என்ன, கதவு கழண்டு விழுந்துருமா? விடுடி, கை வெளுத்துப் போச்சு."

"லாரி வருது வெர்லா."

"வரட்டும். அவனுக்கும் ரோடு வேணும்ல."

கண்காட்சிக்குள் நுழைந்ததும் அதே பொரித்த எண்ணெய் வாசனை, அதே சாணி வாசனை, அதே பேண்டு வாத்தியம். இருவரும் எதையும் பார்க்காமல் நேராக உணவுப் போட்டிக் கூடத்துக்குப் போனார்கள். கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் பீன்ஸ் ஜாடிகள் வரிசையாக நின்றன. நடுவில் ஒன்று மட்டும் தோட்டத்திலிருந்து அப்போதுதான் பறித்ததைப்போல் பச்சைப்பசேலென்று இருந்தது. அதன் கழுத்தில் நீல ரிப்பன். கீழே ஆர்லிஸின் பெயர். பக்கத்தில் சிவப்பு ரிப்பனோடு வெர்லாவின் ஜாடி.

ஆர்லிஸ் கண்ணாடிக்கு அருகே போய்த் தன் பெயரை இன்னொரு தடவை படித்தாள். முகம் மலர்ந்துபோயிற்று, அடக்க முடியவில்லை. நாற்பது வருஷக் கேலி அந்தக் கண்ணாடிக்கு முன்னால் கரைந்தது.

வெர்லா ஜாடியையே பார்த்தாள். பிறகு ஆர்லிஸின் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ருசியும் நல்லாத்தான் இருந்துச்சு."

"ருசியா?"

"நேத்து உங்க வீட்டுக்கு வந்தேன், நிலவறையில இருந்து ஐஸ் பெட்டி எடுத்துட்டுப் போக. நீ முடி வெட்டப் போயிருந்த. ஹார்லன்கிட்ட, கீழ துண்டு போட்டு என்னடா மூடி வச்சிருக்கான்னு கேட்டேன். ஒண்ண எடுத்துட்டுப் போக்கான்னான். ராத்திரி சாப்பிட்டேன்."

ஆர்லிஸ் ஜாடியை விட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"சூடு பண்ணித்தானே சாப்பிட்ட? நல்லா கொதிக்க வச்சு?"

"கொதிக்க எதுக்கு? நல்ல பசி. ஜாடிக்குள்ளயே முள்கரண்டிய விட்டுச் சாப்பிட்டேன். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

அந்தச் 'சும்மாதான்' வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நேற்று ராத்திரி சாப்பிட்டிருக்கிறாள். அப்படியென்றால் இன்றைக்குத்தான் தெரியும். இன்றைக்கு, இந்தக் கூட்டத்துக்கு நடுவில். சொல்லிவிடு, இப்போதே சொல்லி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் என்ன ஆகும் என்று இன்னொரு பக்கம் புத்தி கணக்குப் போட்டது. வெர்லாவின் வாய் சும்மா இருக்காது. ரிப்பன் போகும், போகட்டும். சர்ச்சில் இனி யார் அவள் கையால் சாப்பிடுவார்கள்? ஒவ்வொரு ஜாடியிலும் விஷம் வளர்வதில்லையே, எத்தனையோ பேர் அரைகுறையாக வேகவைத்ததைத் தின்றுவிட்டு நன்றாகத்தானே இருக்கிறார்கள். கொஞ்ச நேரம் பார்ப்போம். முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருப்போம்.

பார்த்தாள். அன்றைக்குக் கண்காட்சியில் அவள் வேறு எதையுமே பார்க்கவில்லை. பன்றிக் கொட்டகையில் அந்த வருஷத்தின் பெரிய கடா படுத்திருந்தது, ஜனம் முண்டியடித்துக்கொண்டு பார்த்தது, ஆர்லிஸ் நாத்தனாரின் இமைகளைப் பார்த்தாள். வெண்ணெயில் செதுக்கிய பசுவைக் குளிர்பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், அந்தக் கண்ணாடியிலும் வெர்லாவின் முகம் தெரிகிறதா என்றுதான் பார்த்தாள். இடது இமை கொஞ்சம் இறங்கியிருக்கிறதோ? இல்லை, எப்போதுமே அப்படித்தானா? நாற்பது வருஷம் பழகியவளின் இமை எப்படி இருக்கும் என்று தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு அழுகை வந்தது.

"நாக்கு வறண்டு கெடக்குடி" என்றாள் வெர்லா.

"வெயில்தான். வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஆர்லிஸ் ஓடிப்போய் எலுமிச்சை ஜூஸ் வாங்கிவந்தாள். ஓடிவந்ததில் பாதி சிந்தியிருந்தது.

"பேயப் பாத்தவ மாதிரி இருக்க. ரிப்பன் வாங்குனா சிரிக்கணும்."

"வெர்லா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

அந்த நேரம் பார்த்தா அந்த லோயிஸ் வரவேண்டும்? பாதிரியார் மனைவி. தூரத்திலிருந்தே கையை விரித்துக்கொண்டு வந்து ஆர்லிஸைக் கட்டிக்கொண்டாள்.

"பாத்தோம், பாத்தோம். அவர்கூடச் சொன்னாரு, இவ்வளவு நாள் இவங்களுக்குக் குடுக்காம இருந்ததே தப்புன்னு. சனிக்கிழமை கெர்ஹார்ட் வீட்டுத் துக்கச் சாப்பாடு இருக்கு, மறந்துராதீங்க. அந்த பீன்ஸையே கொண்டு வாங்க. எல்லாரும் ஆசையா இருக்காங்க."

"சரிங்க" என்றாள் ஆர்லிஸ். "ரொம்ப சந்தோஷங்க" என்றும் சொன்னாள்.

வெர்லா பக்கத்தில் நின்று டம்ளருக்குள் இருந்த ஐஸைக் கடித்துக்கொண்டிருந்தாள். லோயிஸ் போனதும், "என்னமோ சொல்ல வந்தியே?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. காலு வலிக்குதான்னு கேக்க வந்தேன்."

மத்தியானம் கார்ன் டாக் வாங்கினார்கள். மாவில் தோய்த்துப் பொரித்த சாசேஜ், குச்சியோடு தருவார்கள். ஒவ்வொரு வருஷமும் வெர்லா இரண்டு தின்பாள். அன்றைக்கு முதல் கடியிலேயே இருமினாள். நெஞ்சைத் தட்டிக்கொண்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எறங்க மாட்டேங்குது" என்றாள்.

பக்கத்துப் பண்ணைத் தாய் கடைசியில் தண்ணீரைக்கூட விழுங்க முடியாமல் கிடந்தது ஆர்லிஸின் கண்முன்னால் வந்து நின்றது. தன் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டாள். இப்போது சொல்லிவிடவேண்டும். முதலுதவிக் கூடாரம் பால் கொட்டகைக்குப் பின்னால்தான் இருக்கிறது. வாயைத் திறந்தாள். வெர்லாவும் மென்று முடிக்காத வாயோடு அவளையே பார்த்தாள், எதற்கோ காத்திருப்பதைப்போல. ஆர்லிஸின் வாய் தானாக மூடிக்கொண்டது.

வெர்லா மிச்சத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். "நடக்க முடியல. வா, மேல போற நாற்காலியில ஏறி அந்தப் பக்கம் போயிரலாம்."

கம்பியில் தொங்கிக்கொண்டு கண்காட்சிக்கு மேலாகப் போகிற இரட்டை நாற்காலி அது. ஆர்லிஸ் ஜென்மத்தில் அதில் ஏறியதில்லை. கீழே நின்று பார்த்தாலே தலை சுற்றும் அவளுக்கு. வெர்லா ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவாள், இவள் கும்பிடு போட்டு விலகுவாள். அன்றைக்கு மறுபேச்சுப் பேசாமல் ஏறினாள். மேலே போகும்போது வெர்லாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பக்கத்தில் ஆள் வேண்டுமே.

நாற்காலி தரையை விட்டுக் கிளம்பியது. காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. கூரைகள், தொப்பிகள், குதிரை முதுகுகள். ஆர்லிஸ் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வெர்லாவின் சட்டையையும் பிடித்துக்கொண்டாள். பாதி தூரத்தில் வெர்லா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினாள்.

"ஏன்டி, அந்தக் கொடிக்கம்பம் எனக்கு ரெண்டா தெரியுது."

அதற்குமேல் ஆர்லிஸால் தாங்க முடியவில்லை. "அத வேகவைக்கல நான்" என்று கத்திவிட்டாள். "பாதியில அணைச்சிட்டேன் வெர்லா. நிறம் போயிரக்கூடாதுன்னு. தெரிஞ்சேதான் பண்ணேன். எறங்குனதும் ஆஸ்பத்திரிக்குப் போலாம், மருந்து இருக்கு, போட்டா சரியாயிரும். என்னை என்ன வேணா பண்ணிக்க. செத்துராதடி."

வெர்லா கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டாள். கீழே பேண்டு வாத்தியம் ஒரு பாட்டை முடித்து அடுத்ததை ஆரம்பித்தது.

"நான் சாப்பிடல" என்றாள் கடைசியில்.

ஆர்லிஸுக்குப் புரியவில்லை.

"மூடியத் திறந்ததுமே தெரிஞ்சு போச்சு. எத்தனை வருஷமா அடைக்கிறேன், எனக்குத் தெரியாதா? அவ்வளவு பச்சையா இருந்தா அது வேகல. கொதிக்கவச்சுக் குழி தோண்டி ஊத்திட்டேன்."

"அப்ப நாக்கு வறண்டுச்சுன்னியே. கொடிக்கம்பம்..."

"ஒரு கம்பந்தான் இருக்கு. எனக்கு நல்லாவே தெரியுது."

ஆர்லிஸ் அவள் சட்டையை விட்டாள். கோபப்படவேண்டும்போல் இருந்தது. ஆனால் வெர்லாவின் கையைப் பார்த்தாள், கடாப் பன்றியின் காதைப் பிடித்த அந்தக் கை மடியில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"ரிப்பன் முன்னாடி நின்னு சொன்னேன் பாரு, அப்பவே நீ அலறியடிச்சுச் சொல்லிருவேன்னு நெனச்சேன். சொன்னதும் நல்லா திட்டிட்டு, சிரிச்சிட்டுப் போயிரலாம்னுதான். நீ சும்மாதான் கேட்டேன்ன. சரி, பன்னிக் கொட்டகையில சொல்லுவேன்னு பாத்தேன். நாக்கு வறளுதுன்னேன், ஜூஸ் வாங்கிட்டு வந்த. லோயிஸ்கிட்ட ரொம்ப சந்தோஷங்கன்ன. தின்னது எறங்கலன்னேன், வாயத் தொறந்துட்டு மூடிக்கிட்ட."

"இப்ப சொல்லிட்டேனே வெர்லா."

"சொன்ன. கொடிக்கம்பம் ரெண்டானப்புறம் சொன்ன." அவள் கீழே கூட்டத்தைப் பார்த்தபடி பேசினாள். "நீ பயந்தாங்கொள்ளின்னு ஊரே சொல்லும், நானும் சொல்லுவேன். இன்னைக்கு நாள் பூரா எனக்குத்தான்டி பயம். என் தம்பி பொண்டாட்டி ஒரு முழத் துணிக்காக என்னைச் சாகவிட்டுருவாளான்னு ஒவ்வொரு கொட்டகையிலயும் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நடந்தேன்."

நாற்காலி தரை தொட்டது. ஆர்லிஸ் இறங்கியது எப்படி என்று அவளுக்கு நினைவில்லை. நேராக உணவுப் போட்டிக் கூடத்துக்குப் போய், அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் தன் ஜாடியை எடுத்துத் தரச் சொன்னாள். கண்காட்சி முடிகிறவரை தரமாட்டோம், அதுவும் முதல் பரிசு என்று அந்தப் பெண் சிரித்தாள்.

"அது வேகல. போட்டிக்காகப் பாதியில அணைச்சேன். எடுத்துருங்க" என்றாள் ஆர்லிஸ். சுற்றி நின்ற பெண்களின் காதில் விழும்படி சத்தமாகவே சொன்னாள். இரண்டு பேர் அவளுக்குத் தெரிந்தவர்கள்.

நீல ரிப்பன் வெர்லாவின் ஜாடிக்குப் போயிற்று. அவள் அதை வாங்கப் போகவேயில்லை. அன்று சாயங்காலம் இருவருமாக மிச்ச ஜாடிகளைக் கொதிக்கவைத்துத் தோட்டத்து மூலையில் புதைத்தார்கள். ஹார்லன் என்ன விஷயம் என்று கேட்டான், கெட்டுப்போச்சு என்றாள் வெர்லா. கிளம்பும்போது வாசற்படியில் நின்று அவள் சொன்னாள்: "இனிமே நீ குடுக்கிறத நான் கொதிக்கவச்சுத்தான் சாப்பிடுவேன். தப்பா நெனச்சுக்காத."

சனிக்கிழமைத் துக்கச் சாப்பாட்டுக்கு வேறு யாரோ பீன்ஸ் கொண்டுவந்தார்கள். ஆர்லிஸ் பாத்திரம் கழுவினாள். நவம்பரில், நன்றி சொல்லும் நாளான தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஹார்லன் வீட்டில்தான் கூடினார்கள். ஆர்லிஸ் முழு நேரம் வேகவைத்து அடைத்த வேறு ஜாடி பீன்ஸைப் பரிமாறியதும் வெர்லா எழுந்தாள், தன் பங்கை ஒரு சட்டியில் போட்டு அடுப்பில் வைத்து, கொதித்து அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கு வயசாகிவிட்டது என்று பிள்ளைகள் கண்ணடித்துச் சிரித்தார்கள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அதேதான்.

அடுத்த ஜூலையில் அவள் பீன்ஸ் அடைத்தபோது பின்னலை எடுக்கவில்லை. குக்கர் சீறச் சீற, கடிகாரத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் முடிந்தும் அணைக்கப் பயமாக இருந்தது, இன்னும் கொஞ்சம் விட்டாள். பீன்ஸ் சாக்கு நிறத்துக்கும் கீழே போய்விட்டது. போட்டிக்கு அனுப்பவில்லை.

ஆகஸ்டில் வெர்லாவின் வண்டி வாசலில் வந்து நின்றது. வருவாளா என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்த ஆர்லிஸ், சாப்பாட்டுக் கூடையோடு ஏறிக்கொண்டாள். மத்தியானம் குதிரைக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு மரநிழலில் உட்கார்ந்தார்கள். ஆர்லிஸ் பன்றித்தொடை சாண்ட்விச்சை எடுத்து வைத்தாள். பிறகு ஒரு ஜாடி பீன்ஸையும் எடுத்து வைத்தாள். மூடியைத் திறந்து முதலில் தானே இரண்டு வாய் சாப்பிட்டாள்.

அங்கே அடுப்பு இல்லை, சட்டியும் இல்லை. வெர்லா ஜாடியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கர்மம், என்ன நிறம்டி இது" என்றாள்.

முள்கரண்டியை உள்ளே விட்டாள். எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். இன்னொரு வாய் எடுத்தாள். ஆர்லிஸ் அவள் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மூஞ்சியையே பாக்காதடி" என்றாள் வெர்லா. "சாப்பிடு."